கோடரியும் குர்பான் கத்தியும்

பிலிப்பைன்ஸ் முகம் ஒன்றைக் கண்டுவிட்டால் பக்கீர் முகைதீனைப் பிடித்து நிறுத்த முடியாது. பிளாக்டவுன் ரயில் நிலையமாக இருக்கட்டும், குவேக்கர்ஸ் ஹில் மரக்கறிக் கடையாக இருக்கட்டும், நேரே போய்விடுவார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நீங்க மலைப் பக்கமா? கலிங்காவா?" என்று கேட்பார். மணிலா என்பார்கள், செபு என்பார்கள். ஒரு பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த ரயில் பெட்டிக்கு மாறியிருக்கிறாள். அந்த வட்டாரத்தில் பிலிப்பைன்ஸ்காரருக்கா பஞ்சம்? அவர் சமையல் வேலை செய்த முதியோர் இல்லத்தில் பாதிப் பேர் அவர்கள்தான். ஆனால் சிட்னிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் மலையிலிருந்து வந்தவர் ஒருவர்கூட அவர் கையில் அகப்படவில்லை.

அவர் தேடிக்கொண்டிருந்த மனிதரின் பெயர் டலுனாக். வடக்கு பிலிப்பைன்ஸில் கலிங்கா என்ற மலை நாட்டுக்காரர். நம் கலிங்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டு பேரும் மூன்று வருடம் ஒரே ஆட்டுக் கப்பலில் வேலை செய்தவர்கள். விக்டோரியாவின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் ஐம்பதாயிரம் செம்மறிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போகும் கப்பல். மூன்றாம் நாளே நாற்றம் மூக்குக்குப் பழகிவிடும், சத்தம்தான் கடைசிவரை பழகாது என்பார் பக்கீர். அவர் சமையல்காரர். டலுனாக் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவர்.

சிநேகிதம் சண்டையில் ஆரம்பித்தது. 1986இல், நடுக்கடலில், பிலிப்பைன்ஸ் ஆட்களில் ஒருவன் பக்கீருடைய பெரிய தாச்சியை எடுத்துப் பன்றி இறைச்சி பொரித்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்தான், அவ்வளவுதான். ஆனால் கப்பலில் இருந்த பதினொரு முஸ்லிம்களுக்கும் சாப்பாடு அந்தத் தாச்சியில்தான். வார்த்தை தடித்தது, கை ஓங்கியது, இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது. அப்போது குள்ளமாக, நெஞ்சில் பச்சை குத்திய ஒருவர் நடுவில் வந்து நின்று பக்கீரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதைச் சரியாக்க என்ன வேண்டும்?"

பக்கீருக்கு அப்போது ஐம்பது ஆங்கிலச் சொல் தெரிந்திருந்தால் அதிகம். விரலை நீட்டி எண்ணிக் காட்டினார். ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவ வேண்டும். மார்க்கத்தில் அப்படித்தான். சொல்லி முடித்ததும் அவருக்கே அழுகை வந்துவிட்டது. இந்து சமுத்திரத்தின் நடுவில் மண்ணுக்கு எங்கே போவது?

டலுனாக் கீழே இறங்கிப் போனார். அரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய தொப்பியில் இரண்டு கை மண் இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டித் தட்டிச் சேர்த்திருக்கிறார். தாச்சி ஏழு தரம் கழுவப்பட்டது. கழுவும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியதும் அவர்தான்.

அதோடு அவர் விடவில்லை. தன் அறைக்குப் போய் ஒரு கோடரியோடு வந்தார். எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். சாதாரணக் கோடரி இல்லை அது. முன்பக்கம் பிறை மாதிரி வளைந்த அகன்ற அலகு, பின்பக்கம் பறவை அலகு போல நீண்ட கூர். கைப்பிடி ஒரு கை நீளம், நடுவில் பெருவிரல் பதிக்க ஒரு முண்டு. பாட்டன்மார் காலத்தில் அந்த மலையில் அதைக் கொண்டு தலை எடுத்தார்களாம். தகப்பன் காலத்தில் அது பன்றி அறுக்கவும் பிரம்பு சீவவும் இறங்கி வந்துவிட்டது. டலுனாக் அதைப் பிடிப்பக்கமாகப் பக்கீரிடம் நீட்டினார். பதிலுக்குப் பக்கீருடைய கத்தி ஒன்றைக் கேட்டார்.

பக்கீரிடம் சொந்தக் கத்தி என்று இருந்தது ஒன்றுதான். மன்னாரில், எருக்கலம்பிட்டியில், அவருடைய வாப்பா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுத்த குர்பான் கத்தி. மான்கொம்புப் பிடி. ஏன் கொடுத்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கை தானாக நீண்டது என்றுதான் சொல்வார். அன்றிரவு இரண்டு பேரும் ஒரே தட்டில் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். இனி உன்னைத் தொட்டவன் என்னைத் தொட்டவன், உன் ஊர்க்காரன் என் மலைக்கு வந்தால் அவன் என் பொறுப்பு என்று டலுனாக் சொன்னதில் பாதி பக்கீருக்குப் புரிந்தது. மற்றப் பாதி புரியாததுதான் பின்னால் வினையாயிற்று.

கோடரியையும் அவர் ஏழு தரம் கழுவினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தொப்பியில் மிச்சமிருந்த மண் போதுமாக இருந்தது.

1989இல் டலுனாக் வேறு கப்பலுக்கு மாறினார். விலாசம் எழுதிய துண்டைப் பக்கீர் ஊரில் மனைவி ஹபீபாவிடம் கொடுத்து வைத்தார். அடுத்த வருடம் ஆயுதம் ஏந்திய இயக்கம் வந்து, முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரை விட்டு வெளியேற வேண்டும் என்று அறிவித்துவிட்டது. பக்கீர் கடலில் இருந்தார். ஹபீபா ஒரு வயதுக் குழந்தை நஷ்வாவையும் ஒரு குர்ஆனையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில் ஏறினாள். வீடு, கதிரை, கல்யாணப் படம், வாப்பாவின் கையெழுத்து, எல்லாம் போயிற்று. அந்தத் துண்டும் போயிற்று. பக்கீரின் பழைய வாழ்க்கையிலிருந்து மிஞ்சியது கப்பல் பெட்டிக்குள் கிடந்த அந்நியன் ஒருவனின் கோடரி மட்டும்தான்.

துண்டைத் தொலைத்ததற்கு அவர் ஹபீபாவை ஒரு நாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

2011 பெப்ரவரியில் இதய அடைப்புக்கு அவருக்கு நெஞ்சில் ஒரு சிறு குழாய் வைத்தார்கள். பிறகு வாரம் இரண்டு நாள் பிளாக்டவுனில் ஒரு கிளினிக்கில் உடற்பயிற்சி. அங்கே ஜோசலின் என்ற தாதி, இரத்த அழுத்தப் பட்டியை அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கலிங்காதான்," என்றாள் அவள். "தபுக் டவுன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அழுத்தம் எகிறிவிட்டது. அவள் மூன்று தரம் எடுத்துப் பார்த்தாள்.

அவளுடைய தம்பி தபுக்கில் ஜீப் ஓட்டுகிறவன். இரண்டு வாரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். டலுனாக் உயிரோடு இருக்கிறார், மலைக்கு மேலே தன் ஊரிலேயே இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், போன் இல்லை. இதைக் கேட்ட அன்று பக்கீர் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார், மூன்று ஸ்டேஷன் தூரம். வரும் வழியெல்லாம் யோசனை. அந்த வருடம் அவரும் ஹபீபாவும் ஹஜ்ஜுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவன் யாருடைய அமானிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. உரியவனிடம் கொடுத்து, பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கோடரி டலுனாக்கின் தகப்பனுடையது. ஒரு தகப்பனின் பொருளைத் தொலைத்த வலி பக்கீருக்குத் தெரியும். ஆகவே திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தார். இதைவிட நல்ல எண்ணம் ஒரு மனிதனுக்கு வர முடியுமா?

சிட்னியில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் பெரிய அட்டைப் பெட்டியில் சொக்லேட், டின் இறைச்சி, சப்பாத்து என்று திணித்துக் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். ஜோசலினும் ஜூனில் ஒரு பெட்டி கட்டினாள். "என் சாமான் ஒன்றும் போட முடியுமா?" என்று பக்கீர் கேட்டார். என்ன சாமான் என்று அவள் கேட்டபோது, பழைய சிநேகிதனுடைய பொருள் என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி ஆட்களிடம் போய்க் கோடரி கீடரி என்று வாய் விடவேண்டாம், பொலிசைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று ஹபீபா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சாரத்தில் சுற்றி, மாச்சாக்கில் தைத்துக் கொடுத்தார்.

கூட ஒரு கடிதம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நஷ்வா, அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டினாள். உங்கள் பொருளை உங்களிடமே திருப்பித் தருகிறேன். என்னில் பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள். இனி உங்களுக்கும் எனக்கும் இடையில் ஒரு கடப்பாடும் மிச்சமில்லை.

"வாப்பா, இட் சவுண்ட்ஸ் எ பிட் ஹார்ஷ்," என்றாள் நஷ்வா.

"ஹஜ்ஜுக்குப் போற ஆள் இப்பிடித்தான் மகள் கேக்கணும். நீ எழுது."

செப்டெம்பர் கடைசியில் ஒரு பார்சல் வந்தது. நீளம் ஒரு முழம்கூட இல்லை. பிரித்தால் மான்கொம்புப் பிடி. வாப்பாவின் கத்தி! அலகில் ஒரு துளி துரு இல்லை. எண்ணெய் பூசி, வாழை நாரில் சுற்றி வந்திருந்தது. கடிதம் எதுவும் இல்லை. பக்கீர் அதை மூக்கில் வைத்து மணந்தார். வேறு ஏதோ எண்ணெய், வேறு ஏதோ புகை. ஆனால் பிடியில் வாப்பாவின் உள்ளங்கை தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது. அவர் தன் கையை அதில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். வாப்பாவின் கை பட்டதில் உலகத்தில் மிஞ்சிய ஒரே பொருள் இருபத்தைந்து வருடம் கழித்து அவரிடம் வந்திருக்கிறது. ஹபீபாவும் அழுதாள்.

அடுத்த நாள் கிளினிக்கில், போனில் பிடித்த படத்தை ஜோசலினுக்குக் காட்டினார். "என் சிநேகிதன் எவ்வளவு நல்லவன் பார்! நான் கொடுத்ததும் அவனும் கொடுத்துவிட்டான்!"

ஜோசலின் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "மிஸ்டர் பக்கீர், என் பெட்டியில் நீங்கள் என்ன அனுப்பினீர்கள்?"

சொன்னார். அவள் பட்டியை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எங்கள் மலையில் ஊருக்கும் ஊருக்கும் சமாதானம் செய்யும்போது ஈட்டியோ கோடரியோ கைமாறும் என்றாள். மாறிய ஆயுதம் வீட்டில் இருக்கும்வரை சமாதானம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இருக்கும். அதைத் திருப்பி அனுப்பினால் ஒரே ஒரு அர்த்தம்தான். முறிந்தது, இனி நீ யாரோ நான் யாரோ. திரும்பி வந்தால் மற்றவனும் தன்னிடம் உள்ளதைத் திருப்பிவிடுவான், அதுதான் முறை.

"கடிதம் வைத்தேனே," என்றார் பக்கீர்.

"கடிதத்தைப் பள்ளிக்கூட ஆசிரியர் மூன்று தரம் வாசித்துக் காட்டினாராம். என்ன பார்சல் என்று என் தம்பி எனக்குச் சொல்லவில்லை. கிழவர் இரண்டு நாள் வாசலை விட்டு எழும்பவில்லை என்று மட்டும் சொன்னான். நான் சந்தோஷத்தில் என்று நினைத்தேன்." அவள் உடனே தம்பியைப் போனில் பிடித்து விசாரித்துவிட்டுச் சொன்னாள். "கத்தியைக் கொடுக்கும்போது, நான் செய்த பிழை எது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவன் விருப்பம் அதுவானால் அப்படியே ஆகட்டும் என்றாராம்."

பக்கீருக்கு அன்று உடற்பயிற்சி செய்ய முடியவில்லை. அவளே தம்பியிடம் மறுபடி பேசினாள். தவறு நடந்துவிட்டது என்று சொல்லிப் பார்க்கச் சொன்னாள். பதில் மறுநாள் வந்தது. முறிந்த பிறகு வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லையாம். ஒரே வழி மறுபடி தொடங்குவது. முறித்தவன்தான் முதலில் ஓர் ஆயுதம் அனுப்ப வேண்டும். மற்றவன் வைத்துக்கொண்டால் சம்மதம். திரும்பி வந்தால் அதோடு சரி.

"எந்தக் கத்தியும் அனுப்பலாமா?" என்று கேட்டார் பக்கீர். "புதிதாக ஒன்று வாங்கினால்?"

"அனுப்பலாம். ஆனால் நீங்கள் எதை அனுப்புகிறீர்கள் என்று அவர் பார்ப்பார்."

இரண்டு நாள் அவர் அந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். வாப்பாவின் உள்ளங்கைப் பள்ளத்தில் தன் விரலை ஓட்டினார். வந்து ஒரு கிழமை ஆகவில்லை. மறுபடி அனுப்பினால் அது தொலைந்தாலும் தொலைந்ததுதான். கடைக்குப் போய் ஜெர்மன் கத்தி ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பி வந்தார். நஷ்வா தான்தான் அப்படி எழுதினேன் என்று அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பக்கீர் கத்தியைத் தீட்டி, தேங்காயெண்ணெய் பூசினார். ஹபீபா குசினியில் உருளைக்கிழங்கு கழுவப் போனவள், திரும்பிப் பார்த்தாள்.

"அனுப்பப் போறீங்களா?"

"ஓம்."

"மாமாட கத்தி. இனி வராமப் போனாலும் போகும்."

"வாப்பா இருந்தா அனுப்பு எண்டுதான் சொல்லுவார். எனக்குக் கத்தி வேணாம் ஹபீபா. எனக்கு அந்த மனிசன் வேணும்."

அவர் காகிதம் எடுக்கப் போனார். என்ன எழுதுவது என்று நஷ்வாவைக் கூப்பிட வாயெடுத்தார்.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஹபீபா. "எழுத்து வேணாம். எழுதினதாலதானே இவ்வளவும்." தண்ணீர்க் குழாயை மூடினாள். தொட்டியில் கிடந்தவை கடையில் மண்ணோடு விற்கும் கிழங்குகள். கறுத்த மண் அப்பிக் கிடந்தது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு கிழங்காக எடுத்துத் தட்டத் தொடங்கினாள். "அந்த விலாசத் துண்டைத் துலைச்சது நான். இதையாவது நான் செய்யிறன்."

ஒரு கைப்பிடி மண் சேர்ந்தது. அதைத் துணியில் முடிந்து கத்தியோடு வைத்துக் கட்டினார்கள். கடிதம் இல்லை. ஜோசலின் இந்தத் தடவை பொதியைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். மண் எதற்கு என்று கேட்டாள். அது அவருக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார் பக்கீர். ஒக்டோபர் முதல் வாரம் பெட்டி கப்பலேறியது. கடைசி வாரம் பக்கீரும் ஹபீபாவும் மக்காவுக்கு விமானமேறினார்கள். அரபாவில் லட்சக்கணக்கான சனம் கையேந்தி நின்ற பகலில், மலையில் இருக்கும் ஒரு எண்ணெய்க்காரனுக்காகவும் ஒருவர் கையேந்தினார். ஒரு வழக்குத் தீராமல் வந்துவிட்டேன், நீதான் தீர்த்துவைக்க வேண்டும் என்று கேட்டார்.

திரும்பி வந்தபின் ஆரம்பித்தது காத்திருப்பு. ஊர் முழுக்கப் பார்சல் வர வேண்டும் என்று காத்திருக்கும். இவர் வரக்கூடாது என்று காத்திருந்தார். ஜனவரியில் ஜோசலினின் தம்பி பொதியை மலைக்குக் கொண்டுபோனான். கிழவர் வாங்கி, பிரிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அவ்வளவுதான் செய்தி. அதன்பின் தினமும் பதினொரு மணிக்கு பக்கீர் கேற்றடிக்குப் போய்த் தபால் பெட்டியைத் திறப்பார். மின்சார பில், பீட்சாக் கடை நோட்டீஸ். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொல்வார். பில்லுக்கு இப்படிச் சந்தோஷப்படும் மனிதரை அந்தத் தபால்காரர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். பெப்ரவரி போயிற்று. மார்ச் போயிற்று. ஒவ்வொரு வெறும் நாளும் அவருக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. அந்த மலையிலிருந்து ஒரு சொல், யாராவது வந்து ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கினார்.

2012 ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை கிடந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து பார்சல், தபால் கந்தோருக்கு வந்து எடுக்கவும்.

பக்கீர் அட்டையை ஹபீபாவிடம் நீட்டினார். அவள் சமையலை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். நஷ்வா காரை எடுத்தாள்.

கவுண்டரில் நின்ற பெண் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பக்கீர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நீளம் என்ன, அதுதான் கேள்வி. ஒரு முழத்துக்குள் என்றால் கத்தி. கத்தி என்றால் முடிந்தது.

அந்தப் பெண் பார்சலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு கை நீளத்துக்கு மேல் இருந்தது.

அவர் வாங்கவில்லை. ஹபீபாதான் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பார்சலில் ஒரு பக்கம் கிழித்து, துறைமுக நோய்த் தடைகாப்புப் பரிசோதகர்களின் பச்சை நாடா ஒட்டியிருந்தது. கூட ஒரு படிவம். "வாப்பா, தே டுக் சம்திங் அவுட்," என்றாள் நஷ்வா. பக்கீர் பதறிப்போனார். "என்னத்தை எடுத்தாங்க? வாசி, வாசி!"

நஷ்வா படிவத்தை வாசித்தாள். பிறகு தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"மரப்பிடி போட்ட கோடரி, ஒண்டு. பரிசோதிச்சு விட்டாச்சு. துணியில கட்டின மண், இருநூறு கிராம். அனுமதி இல்ல. அழிச்சாச்சு."

"மண்ணா?" என்றார் பக்கீர் முகைதீன்.

"ஓம் வாப்பா. மண்."

தபால் கந்தோர் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் படிவத்தை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டார்.